எங்களை மலிவாக வைத்திருக்காதீர்கள்: ஓமன் பொருளாதார அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஓமன் சுல்தானகத்தின் பொருளாதார அமைச்சகத்துக்கும், தொழிலாளர் அமைச்சகத்துக்கும், ‘ஓமன் தொலைநோக்கு 2040’ திட்டத்தின் செயலாக்கத்தைக் கண்காணிக்கும் பிரிவுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

நான் கோயமுத்தூர் கணபதியைச் சேர்ந்தவன். மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். 2001 முதல் 2023 வரை உங்கள் நாட்டில், வடக்குக் கடற்கரை ஊரான சோஹாரில், எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் பட்டறைகளில் வேலை பார்த்தேன். அரபி எனக்குப் பேச வரும், எழுத வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். என்னோடு அங்கே இருந்த நண்பர் ஒருவர் இதை அரபியில் பெயர்த்து உங்களுக்கு அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். தமிழிலும் வெளியிடுவதற்குக் காரணம், உங்கள் நாட்டில் இருந்த, இன்னும் இருக்கிற தமிழர்கள் இதைப் படித்துவிட்டு நான் சொல்வது சரியா தப்பா என்று எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதுதான்.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஐ.டி.ஐ. முடித்தவன். ஆனால் 22 வருஷம் சனையாவில், அதாவது பட்டறைகள் நிறைந்த தொழிற்பேட்டையில், உட்கார்ந்து எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்தவனுக்கு ஒரு ஊரின் பிழைப்பு தெரியும். எந்த ஆலை இரவும் பகலும் ஓடுகிறது, எந்தத் தோட்டத்தில் தண்ணீர் கீழே போய்விட்டது, எந்தக் காண்ட்ராக்டருக்கு பில் பாஸ் ஆகவில்லை என்பதெல்லாம் மோட்டார் வழியாக எங்களிடம் வந்து சேர்ந்துவிடும்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வெளிநாட்டுத் தொழிலாளர்களான எங்களை மலிவாக வைத்திருக்காதீர்கள். எங்கள் கூலி மலிவாக இருக்கும்வரை உங்கள் பிள்ளைகளுக்குத் தொழிலில் இடம் கிடைக்காது. அவர்களுக்கு இடம் கிடைக்காதவரை எண்ணெயை விட்டு நீங்கள் எவ்வளவு தூரம் நடந்தாலும் எண்ணெய்க் கிணற்றுக்குப் பக்கத்திலேயேதான் நிற்பீர்கள்.

சம்பளம் கூடினால் எங்கள் ஊரிலிருந்து வருகிறவர்களின் எண்ணிக்கை குறையும். அது எனக்குத் தெரியும். என் தம்பி மகன் இப்போது மஸ்கட் விசாவுக்காகக் காத்திருக்கிறான். அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நான் வந்த புதிதில் சோஹார் பேரீச்சந்தோட்டமும் மீன்பிடியுமாக இருந்த ஊர். கடற்கரைச் சாலையில் மாலையில் வலை உலர்த்திக்கொண்டிருப்பார்கள். ராட்டர்டாம் துறைமுகத்தோடு சரிபாதிப் பங்கு போட்டு 2002-ல் நீங்கள் துறைமுகக் கம்பெனியைத் தொடங்கினீர்கள். அதன்பிறகு ஊர் மாறிய வேகத்தைக் கண்ணால் பார்த்தவன் நான். 2008-ல் அலுமினிய உருக்காலை ஓடத் தொடங்கியது. 2011-ல் பிரேசிலிலிருந்து இரும்புத்தாது கப்பலில் வந்து இறங்கி, வருஷத்துக்கு 90 லட்சம் டன் உருண்டைகளாக்கும் ஆலை வந்தது. மெத்தனால், யூரியா, எஃகு என்று ஒவ்வொன்றாக வந்தன. பட்டறைக்கு வரும் மோட்டாரின் எடையும் கூடியது. முன்பெல்லாம் இரண்டு பேர் தூக்கி வைப்போம். பிறகு செயின் பிளாக் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்றாகிவிட்டது.

அந்த ஆலைகளைப் பார்த்து எனக்கும் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை. அலுமினியத்தைக் குழம்பாகவே பக்கத்து ஆலைக்குக் கொடுத்து, அங்கே தகடாகவும் கம்பியாகவும் இழுப்பது நல்ல ஏற்பாடு. ஒரு ஆலை இன்னொரு ஆலைக்குச் சோறு போடுவது அப்படித்தான். ஆனால் இந்த ஆலைகளில் பெரும்பாலானவை எரிவாயுவில் நிற்பவை. அலுமினியத்துக்கு மின்சாரம் எரிவாயுவிலிருந்து வருகிறது. யூரியாவும் மெத்தனாலும் எரிவாயுவேதான், வேறு உருவத்தில். எஃகுக்குத் தாதுவைக் குறைப்பதும் எரிவாயுதான். கணக்குப் புத்தகத்தில் இவையெல்லாம் ‘எண்ணெய் சாராத துறை’ என்ற பத்தியில் ஏறிவிடுகின்றன. அந்தப் பத்தியைப் பார்த்து மட்டும் நீங்கள் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. அரசு வருவாயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இன்றைக்கும் பூமிக்கு அடியிலிருந்துதான் வருகிறது.

நீங்கள் இதை அறியாதவர்கள் இல்லை. மறைந்த சுல்தான் காபூஸின் ஆட்சிக்காலத்தில், 1995-ல், ‘ஓமன் 2020’ என்று ஒரு தொலைநோக்கு வகுத்தீர்கள். அப்போது உள்நாட்டு உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்காக இருந்த எண்ணெயை 2020-க்குள் 9 விழுக்காட்டுக்குக் கொண்டுவருவது என்று அதில் எழுதியிருந்தது. 2020 வந்தது, 9 வரவில்லை. அதற்கு மாறாகக் கொரோனாவும் எண்ணெய் விலைச் சரிவும் வந்தன. அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 70 விழுக்காடு அளவுக்குப் போனது. இப்போது 2040-ல் எண்ணெய் சாராத பங்கு 90-ஐத் தாண்ட வேண்டும் என்கிறீர்கள். கடனைப் பாதியாகக் குறைத்திருக்கிறீர்கள். 2021-ல் 5 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி போட்டீர்கள். 2028 முதல் வருஷத்துக்கு 42,000 ரியாலுக்கு மேல் சம்பாதிப்பவர்களிடம் 5 விழுக்காடு வருமான வரி வாங்கப் போகிறீர்கள். வளைகுடா நாடுகளில் வேறு யாரும் இன்னும் செய்யாதது அது. குடிமகனிடம் வரி வாங்கும் அரசுக்கு அவன் நன்றாகச் சம்பாதிக்க வேண்டும் என்ற அக்கறை தானாக வரும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை இப்போது எழுதத் தோன்றியது.

எண்ணெய் விலை இறங்கினால் நாட்டில் என்ன ஆகும் என்பதை உங்கள் அறிக்கைகள் பில்லியனில் சொல்லும். நாங்கள் அதை மெஸ்ஸில் பார்த்தோம். 2016-ல் ஒரு பீப்பாய் 30 டாலருக்குக் கீழே போனபோது முதலில் அரசு வேலைகளுக்கான பில்கள் நின்றன. பெரிய காண்ட்ராக்டர் சின்ன காண்ட்ராக்டருக்குக் கொடுக்கவில்லை. சின்னவர் எங்கள் பட்டறைக்குக் கொடுக்கவில்லை. பட்டறை எங்களுக்குக் கொடுக்கவில்லை. நான்கு மாதம் சம்பளம் இல்லை. கேம்ப்பில் முதலில் மீன் நின்றது, பிறகு கோழி நின்றது, கடைசியில் பருப்பும் குபூஸும் மட்டும். பக்கத்துப் பட்டறைக்காரர் என்னை வேலைக்குக் கூப்பிட்டார், மாதம் 30 ரியால் கூடவே தருவதாகச் சொன்னார். போக முடியவில்லை. அர்பாப், அதாவது முதலாளி, கையெழுத்திட்ட என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) இல்லாமல் வேறு இடத்துக்கு மாற வேண்டுமென்றால் நாட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் கழித்துத்தான் திரும்ப வர முடியும் என்பது அப்போதைய விதி. என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. வீட்டில் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். அந்த முதலாளியின் மேல் எனக்கு இன்று கோபம் இல்லை, அவருக்கும் பணம் வரவில்லை. ஆனால் சம்பளம் கொடுக்கக்கூடியவரிடம் போக விடாமல், கொடுக்க முடியாதவரிடமே ஆளைக் கட்டிப் போட்டிருந்தது சட்டம். தொழில் எப்படி வளரும்?

இனி நான் சொல்லப் போவதுதான் இந்தக் கடிதத்தின் காரணம்.

2017-ல் எங்கள் பட்டறையில் ஒரு ஓமானிப் பையன் சேர்ந்தான். அதே கடற்கரையில் உள்ள கபூரா ஊர்ப்பக்கம். தொழிற்பயிற்சி முடித்தவன், 21 வயது. ஒவ்வொரு நிறுவனமும் இத்தனை ஓமானிகளை வைத்திருக்க வேண்டும் என்ற ஓமானியாக்க விகிதத்துக்கு ஒரு தலை குறைகிறது என்று முதலாளி சேர்த்தார். முதல் நாள் குல்லாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மோட்டாரின் சுழலாத பாகமான ஸ்டேட்டர் எரிந்து வந்தால் அதைச் சூடாக்கி, பழைய கம்பியை உருவி, கம்பி உட்காரும் பள்ளமான ஸ்லாட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பேப்பர் வைத்து, காயிலை இறக்கி, நூல் கட்டி, வார்னிஷில் முக்கி, அடுப்பில் காயவைப்பது வரை இரண்டு மாதத்தில் பிடித்துக்கொண்டான். எனக்கு அதற்கு ஒன்றரை வருஷம் ஆனது. பழைய காயிலைப் பிரிக்கும்போதே சுற்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் ஒரு தரம்தான் சொன்னேன். விரல் அவ்வளவு சுத்தம்.

மூன்றாவது மாதம் முதலாளி அவனிடம், நீ வீட்டிலேயே இரு, சம்பளம் கணக்கில் ஏறிவிடும் என்று சொன்னார். விகிதத்துக்குப் பெயர் இருந்தால் போதும். அவனுக்குச் சட்டப்படி குறைந்தது 325 ரியால் கொடுக்க வேண்டும், 2013-லிருந்து அதுதான் ஓமானிகளுக்கான குறைந்தபட்சச் சம்பளம். எனக்கு அப்போது 165. எனக்குக் குறைந்தபட்சம் என்று சட்டத்தில் எதுவும் இல்லை, இன்றும் இல்லை. அவன் தங்கினால் தொழில் கற்றுக்கொள்வான். கற்றுக்கொண்டால் 400 கேட்பான், அல்லது துறைமுகத்துக்குப் போய்விடுவான். அதே பணத்தில் என்னைப்போல் இரண்டு பேரை ஊரிலிருந்து இறக்கலாம், மாறவும் மாட்டார்கள். முதலாளியின் இடத்தில் இருந்து பார்த்தால் அது சரியான கணக்கு. அந்தக் கணக்கு அப்படி வரும்படி விதியை எழுதி வைத்திருப்பது நீங்கள்.

அந்தப் பையன் இரண்டு நாள் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். வேலை கொடுங்கள் என்று கேட்கவில்லை. காயில் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வரவில்லை. ராணுவத்துக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னார்கள்.

‘ஓமானிப் பிள்ளைகளுக்குக் கை அழுக்காகும் வேலை பிடிக்காது’ என்று முதலாளிகள் சொல்வார்கள். நம் ஆட்களும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அதை நான் நிறுத்தியது 2021 அக்டோபரில். 3-ஆம் தேதி ஷாஹீன் புயல் சோஹாருக்குத் தெற்கே சுவைக் பக்கம் கரையைக் கடந்தது. பல வருஷத்து மழை ஒரே இரவில் கொட்டியது. வீடுகளுக்குள் இடுப்பளவு சேறு. அந்த வாரம் ஸலாலாவிலிருந்தும் நிஸ்வாவிலிருந்தும் சூரிலிருந்தும் பையன்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. மண்வெட்டி, பக்கெட், ஜெனரேட்டர் எல்லாம் தாங்களே கொண்டுவந்து, டிஷ்டாஷா என்ற நீண்ட அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்கள் வீட்டுச் சேற்றை அள்ளினார்கள். எங்கள் பட்டறையில் அப்போது சேறு புகுந்த பம்ப் மோட்டார்கள் மலைபோலக் குவிந்திருந்தன. நாலு பையன்கள் வந்து, நாங்கள் கழுவித் தரவா என்று கேட்டு, பத்து நாள் எங்களோடு இருந்தார்கள். மோட்டாரைப் பிரிப்பது, பேரிங் கழற்றுவது, மின்கசிவைச் சோதிக்கும் மெகர் கருவி வைத்துப் பார்ப்பது எல்லாம் கற்றுக்கொண்டுதான் போனார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு வேலை பிடிக்காது என்று இனி யார் வந்து சொன்னாலும் நம்பாதீர்கள். 2011-ல் சோஹார் ரவுண்டானாவில் வாரக்கணக்கில் நின்று போராடியவர்கள் கேட்டதும் வேலைதான்.

பக்கத்து ஊரான சஹாமிலிருந்து ஒரு பெரியவர் வருவார், பேரீச்சந்தோட்டக்காரர். 1960-களில் அவர் குவைத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்தாராம். அப்போது ஓமனிலிருந்து எண்ணெய் இன்னும் கப்பல் ஏறவில்லை, 1967-ல்தான் ஏறியது. 1970 வரை நாடு முழுதும் மூன்றே பள்ளிக்கூடங்கள். பஹ்ரைனுக்கும் குவைத்துக்கும் சவூதிக்கும் கூலி வேலைக்குப் போனவர்கள் ஓமானிகள். அவர் எங்கள் பட்டறையில் தேநீர் குடித்துக்கொண்டே, ஒரே அறையில் பன்னிரண்டு பேர் படுத்ததை, சம்பளம் பிடித்து வைக்கப்பட்டதை, வீட்டுக்குப் பணம் அனுப்ப ஆள் தேடியதைச் சொல்வார். நானும் என் பக்கத்தில் இருந்தவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம், அவ்வளவும் எங்கள் கதை. உங்கள் அலுவலகத்தில் இருக்கும் பலருடைய தாத்தாக்கள் அந்த அறைகளில் படுத்தவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு நினைவிருக்கும், கூலி மலிவாக இருப்பது கூலி வாங்குபவரை மட்டும் அல்ல, அந்த வேலையையே மதிப்பில்லாததாக ஆக்கிவிடும் என்று.

அந்தப் பெரியவரின் பம்ப் வருஷத்துக்கு ஒரு தரம் எங்களிடம் வந்துவிடும். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரை உப்பு தின்றிருக்கும். அவர் தாத்தா காலத்தில் அந்தத் தோட்டத்து எலுமிச்சை காய்ந்து லூமியாகி, ஈராக் வரைக்கும் போனதாம். பிறகு கிளை நுனியெல்லாம் விளக்குமாறு போலக் கொத்தாகி மரமே பட்டுப்போகும் நோய் வந்து சோஹார் இருக்கும் பாத்தினா கடற்கரைப் பகுதி முழுக்க எலுமிச்சையை அழித்தது. அதே காலத்தில் எல்லோரும் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். எடுத்த அளவு மழை திருப்பித் தரவில்லை, கடல் நீர் நிலத்தடியில் உள்ளே வந்துவிட்டது. இன்னும் பத்தடி இறக்கு, இன்னும் பத்தடி இறக்கு என்று அவர் பம்ப்பை இறக்கிக்கொண்டே போனார். எண்ணெய்க்கு முன்னால் உங்களிடம் இருந்த பொருளாதாரம் எண்ணெய்ப் பணத்தில் வாங்கிய பம்ப்பில் உப்பாகிப் போனதை நான் இம்பெல்லர் இம்பெல்லராகப் பார்த்தேன். அதை ஓட வைத்தவனும் நான்தான், அந்த வருத்தம் எனக்கு உண்டு. பல்வகைப்படுத்தல் என்று பேசும்போது துறைமுகத்தையும் ஹைட்ரஜனையும் சொல்கிறீர்கள். பாத்தினாவின் தண்ணீரையும் அந்தப் பட்டியலில் மேலே வையுங்கள்.

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பெருமைக்காக அல்ல, இங்கே அது உதவும். கோயமுத்தூர் பருத்தியும் மில்லுமாக இருந்த ஊர். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபோது மில்கள் பெருகின. மில் இயந்திரம் கெட்டால் இங்கிலாந்திலிருந்து உதிரிபாகம் வரும்வரை காத்திருக்க முடியாது. பட்டறைக்காரர்கள் தாங்களே வார்த்துப் பார்த்தார்கள், கடைந்து பார்த்தார்கள். எங்கள் பக்கம் கிணறு ஆழம், தண்ணீர் கீழே. அதே பட்டறைகள் பம்ப்புக்குப் போயின, மோட்டாருக்குப் போயின. ரிப்பேர் செய்தவனின் மகன் உற்பத்தி செய்தான். கணபதியில் இன்றும் ஒரு சந்துக்குள் போனால் வார்ப்புக்கு ஒருவர், கடைசலுக்கு ஒருவர், காயிலுக்கு ஒருவர் என்று பத்து வீடு சேர்ந்து ஒரு பம்ப்செட் செய்யும். எந்தத் தொலைநோக்குத் திட்டத்திலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. ரிப்பேர் பட்டறையில் உள்ளூர்ப் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு அங்கேயே இருப்பதில் லாபம் இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

உங்கள் சனையாக்களில் அந்தப் பட்டறைகள் எல்லாம் இருக்கின்றன. காயில் கட்டுவது, ரேடியேட்டர், கடைசல், வெல்டிங், டீசல் பம்ப், ஹைட்ராலிக் என்று ஒரு நாடு தொழில் கற்றுக்கொள்ளத் தேவையான அத்தனை பள்ளிக்கூடமும் வரிசையாக இருக்கின்றன. வாத்தியார்களும் இருக்கிறோம். மாணவர்கள் மட்டும் இல்லை. பல கடைகளில் லைசென்ஸ் ஒரு ஓமானி பெயரில் இருக்கும், நடத்துவது வேறு ஆள். பெயர் கொடுத்தவருக்கு மாதம் ஒரு தொகை. ‘தஜாரா முஸ்தத்திரா’ (மறைமுக வணிகம்) என்று நீங்களே அதற்குப் பெயர் வைத்துத் தடை போட்டிருக்கிறீர்கள். தடையால் மட்டும் அது ஒழியாது. கடைக்குள் உட்காருவதில் கிடைப்பது, வெளியே இருந்து பெயர் கொடுப்பதில் கிடைப்பதைவிட அதிகமாக வேண்டும்.

எங்கள் பட்டறையில் நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். 2021 ஜனவரி 1 முதல் நீங்கள் என்.ஓ.சி.யை எடுத்துவிட்டீர்கள். ஒப்பந்தம் முடிந்தால் யாருடைய கையெழுத்தும் இல்லாமல் மாறலாம். அந்த வருஷம் மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிய இருந்தது. கொரோனாவில் நிறையப் பேர் ஊருக்குப் போய்விட்டதால் ஆள் தட்டுப்பாடு வேறு. முதலாளி பிப்ரவரியில் என்னைக் கூப்பிட்டு, நான் கேட்காமலேயே 40 ரியால் கூட்டினார். இருபது வருஷத்தில் கேட்காமல் கிடைத்த முதல் உயர்வு. அதைவிட முக்கியம், அடுத்த ஆறு மாதத்துக்குள் அவர் கம்ப்யூட்டரில் சுற்று எண்ணும் காயில் வைண்டிங் மெஷின் ஒன்றை வாங்கினார். பத்து வருஷமாக அதை வாங்குங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் கை மலிவாக இருந்தவரை அவருக்கு மெஷின் தேவைப்படவில்லை. மெஷின் வந்தபிறகு நான்கு பேர் செய்த காயிலை இரண்டு பேர் செய்தோம். அந்த வேகத்தில் ஒரு ஆளுக்கு 325 கட்டுபடியாகும், 400-ம் கட்டுபடியாகும். ஒரு பட்டறையை வைத்து நாட்டைச் சொல்லக் கூடாது. ஆனால் என்.ஓ.சி.யை எடுத்தபோது முதலாளிகள் எல்லோரும் பயந்தபடி தொழில் சாகவில்லை என்பதை நான் உள்ளேயிருந்து பார்த்தேன். நீங்கள் எடுத்த அந்த ஒரு முடிவு சரியானது. அந்தத் திசையில் இன்னும் போங்கள்.

குறைந்தபட்சச் சம்பளத்தை நாட்டுப் பேர் பார்க்காமல் வேலைக்கு வையுங்கள். காயில் கட்டும் வேலைக்கு இவ்வளவு, வெல்டிங்குக்கு இவ்வளவு, கட்டுபவர் கபூராவா கணபதியா என்று சட்டம் கேட்கக் கூடாது. ஒரேயடியாக முடியாது என்றால் ஐந்து வருஷத்தில் படிப்படியாக. இதுதான் முதல் கோரிக்கை, இதைச் செய்தால் மற்றதில் பாதி தானாக நடக்கும். 2023 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு முதலாளி மாதாமாதம் கட்டும் சேமிப்புத் திட்டம் ஒன்று எழுதியிருக்கிறீர்கள், நல்ல ஏற்பாடு. அதன் தொடக்கம் தள்ளிப் போயிருக்கிறது. இன்னொரு முறை தள்ளாதீர்கள். வேலை முடியும் நாளில் முதலாளியின் கையை எதிர்பார்த்து நின்றவர்கள் எத்தனை பேர் என்று கேம்ப்களில் கேட்டால் சொல்வார்கள்.

ஓமானியாக்க விகிதத்தில் தலையை எண்ணுவதை விட்டுவிட்டு கையை எண்ணுங்கள். ஒரு பையன் ஒரு பட்டறையில் இரண்டு வருஷம் இருந்து, தேர்வாளர் முன்னால் ஒரு மோட்டாரை முழுதாகக் கட்டிக் காட்டினால், அந்தப் பட்டறைக்கு அதை மூன்று தலையாகக் கணக்கு வையுங்கள். வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் பெயருக்கு ஒன்றும் இல்லை. கற்றுக்கொடுத்தவருக்கும் ஏதாவது செய்யுங்கள். நான் அந்தப் பையனுக்குக் கற்றுக்கொடுத்தபோது என் கூட்டாளிகள் என்னைத் திட்டினார்கள், நம் சோற்றில் நீயே மண் போடுகிறாயா என்று. அவர்கள் பயம் நியாயமானது. கற்றுக்கொடுப்பவருக்கு ஐந்து வருஷத்துக்கு விசா உறுதி, ஒவ்வொரு தேறிய மாணவருக்கும் ஒரு தொகை என்று இருந்திருந்தால் அதே ஆட்கள் பையன்களைத் தேடிப் போயிருப்பார்கள்.

துக்ம் துறைமுக ஊரில் 2,000 சதுர கிலோமீட்டரில் பொருளாதார மண்டலம் எழுந்துகொண்டிருக்கிறது. குவைத்தோடு சேர்ந்து நாளைக்கு 2,30,000 பீப்பாய் சுத்திகரிக்கும் ஆலை அங்கே 2024-ல் திறக்கப்பட்டது. தோஃபாரில் காற்றாலை, இப்ரியிலும் மனாஹிலும் சூரிய மின் நிலையம், அடுத்து பசுமை ஹைட்ரஜன் என்று போகிறீர்கள். அவையெல்லாம் ஓடுவது மோட்டாரிலும் பம்ப்பிலும் கம்ப்ரஸரிலும்தான். இயந்திரம் வெளிநாட்டிலிருந்து வரும், வேறு வழியில்லை. ரிப்பேருக்கும் அது துபாய்க்கோ அதற்கு அப்பாலோ போக வேண்டுமா? உள்நாட்டில் மதிப்புக் கூட்ட வேண்டும் என்று எண்ணெய்க் கம்பெனிகளுக்கு நீங்கள் போட்டிருக்கும் விதியில் ரிப்பேரைத் தனியாக எழுதிச் சேருங்கள். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள மோட்டார், வால்வு, பம்ப் எல்லாம் அந்தந்த விலாயத்தில் (வட்டத்தில்), ஓமானி ஒருவர் உள்ளே உட்கார்ந்து நடத்தும் பட்டறைக்கு முதலில் போக வேண்டும் என்று.

இதற்கு உங்கள் மண்ணிலேயே வழி இருக்கிறது. எங்கள் சனையாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஃபலஜ் அல் கபாயில் என்று ஒரு ஊர். ஃபலஜ் என்பது உங்கள் பழைய பாசன வாய்க்கால். அதன் தண்ணீரை நேரம் பிரித்துப் பங்கு போடுவதை, பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து முறை மாற்றியதை அந்தப் பெரியவர்தான் எனக்குச் சொன்னார். அந்தப் பங்குகளில் சில யாருக்கும் சொந்தமில்லை, ஃபலஜுக்கே சொந்தம். அதை ஏலம் விட்டு வரும் பணத்தில்தான் வாய்க்காலைத் தூர்வாருவார்கள், இடிந்ததைக் கட்டுவார்கள். தண்ணீர் வரும்போதே ரிப்பேருக்கான பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள் உங்கள் முன்னோர்கள். துறைமுகத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் போகும் பணத்தில் அப்படி ஒரு பங்கைச் சனையாவுக்கு ஒதுக்குங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். காயில் கட்டுபவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நோட்டு வைத்திருப்போம். வந்த மோட்டாரின் குதிரைத்திறன், ஸ்லாட் எத்தனை, சுற்று எத்தனை, கம்பி என்ன கேஜ், பிட்ச் என்ன என்று எழுதி வைப்போம். நேம் பிளேட் அழிந்த மோட்டார் வந்தால் அந்த நோட்டுதான் வழி காட்டும். பட்டறைக்காரர் எவரும் அதை இன்னொருவருக்குக் காட்ட மாட்டார், அது அவருடைய சொத்து. என்னிடம் ஏழு நோட்டுகள் இருக்கின்றன, 22 வருஷத்தில் பாத்தினா கடற்கரையில் ஓடிய பம்ப் மோட்டார்கள், ஆலை மோட்டார்கள், மீன் ஐஸ் ஃபேக்டரி மோட்டார்கள். எண்கள் எல்லோருக்கும் புரியும், பக்கத்தில் உள்ள குறிப்புகள் மட்டும் தமிழில் இருக்கின்றன. உப்புத் தண்ணீர்க் கிணற்றில் எந்தக் காப்புறை எத்தனை மாதம் தாங்கியது என்பதுகூட அதில் உண்டு.

அவற்றைப் படி எடுத்து, குறிப்புகளை நண்பர் உதவியோடு அரபியில் எழுதி, சஹாமில் உள்ள தொழிற்பயிற்சிக் கல்லூரிக்குக் கொடுக்க விரும்புகிறேன். நேரில் வந்து ஒரு மாதம் உட்கார்ந்து மாணவர்களுக்கு விளக்கவும் தயார், சம்பளம் வேண்டாம், விசாவும் தங்க இடமும் போதும். எனக்கு இப்போது 54 வயது, கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது. யாரிடம் கொடுக்க வேண்டும், எப்போது வரலாம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அந்தக் கபூராப் பையன் ராணுவத்தில் சேர்ந்தானா என்று எனக்குத் தெரியவில்லை. சேரவில்லை என்றால் முதல் வகுப்பில் அவன் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சோஹார் சனையாவில் 22 ஆண்டுகள் காயில் கட்டியவன்,
கணபதி, கோயமுத்தூர்